பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் எலிக்காய்ச்சல்: சல்வடோர் நகரின் நிகழ்வு ஆய்வு

1996 மார்ச் 10 முதல் நவம்பர் 2 வரை பிரேசிலின் சல்வடோர் நகரில் 326 பேருக்குக் கடுமையான எலிக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. நூற்றுக்குப் பதினைந்து பேர் பிழைக்கவில்லை. நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். சராசரி வயது 36. குடும்பத்தின் சம்பாத்தியம் யார் தோளில் இருந்ததோ அவர்களைத்தான் நோய் அதிகம் சாய்த்தது.

அந்தக் காலத்துப் பாடப்புத்தகங்களில் எலிக்காய்ச்சல் பெரும்பாலும் கிராமத்து நோய். நெல் வயலில் நிற்பவர், கரும்பு வெட்டுபவர், மாடு வளர்ப்பவர், ஆற்றைக் கடக்கும் ராணுவ வீரர் ஆகியோருக்கு வருவது. இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் மாநகரில், நிலத்தைத் தொட்டே பழகாதவர்களுக்கு இது கொத்தாக வரும் என்று பெரும்பாலான மருத்துவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஆல்பர்ட் கோ, மிதெர்மாயர் ரெய்ஸ் முதலிய ஆய்வாளர்கள் அந்த ஆண்டின் நோயாளிகளைத் தொகுத்து 1999இல் வெளியிட்ட அறிக்கைதான் நகர்ப்புற எலிக்காய்ச்சலைத் தனியொரு பிரச்சினையாக உலகின் முன் வைத்தது. நோயாளிகளிடமிருந்து வளர்த்தெடுத்த கிருமிகளில் 87% ஒரே வகையைச் சேர்ந்தவை: கோபன்ஹேகனி. ஆடு, மாடு, நாய், பன்றி என்று பல விலங்குகளிலிருந்து தொற்று வந்திருந்தால் கிருமி வகைகளும் கலவையாக இருந்திருக்கும். கோபன்ஹேகனி சாக்கடை எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும் வகை. சந்தேகம் நேராக எலியின் மேல் விழுந்தது.

அதே அறிக்கையில் எனக்கு அதிகம் உறுத்துவது இன்னொரு எண். நோயாளிகளில் 42% பேர் முதலில் புறநோயாளிப் பிரிவில் காட்டியபோது டெங்கு என்று தவறாகக் கணிக்கப்பட்டார்கள். நகரில் அப்போது டெங்குவும் பரவிக்கொண்டிருந்தது. டெங்கு என்றால் ஓய்வு எடுங்கள், தண்ணீர் குடியுங்கள், காய்ச்சல் மாத்திரை போடுங்கள் என்பதுதான் அறிவுரை. டெங்கு வைரஸுக்கு அது சரி. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா ஒரு பாக்டீரியா. தொடக்கத்திலேயே டாக்சிசைக்ளினோ அமாக்சிசிலினோ கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டும் எந்த ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் இருக்கக்கூடிய சாதாரண மாத்திரைகள்.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. முதல் மூன்று நான்கு நாள்களில் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி என்று இரண்டு நோய்க்கும் முகம் ஒன்றுதான். கூர்ந்து பார்ப்பவருக்குச் சில தடயங்கள் கிடைக்கும். கெண்டைக்கால் தசையை லேசாக அழுத்தினாலே நோயாளி காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். கண்வெள்ளை சிவந்திருக்கும், ஆனால் பீளை கட்டியிருக்காது. இவற்றைவிடப் பெரிய தடயம் ஒரு கேள்வியில் கிடைக்கும்: கடந்த இரண்டு மூன்று வாரங்களில் சாக்கடை நீரிலோ வெள்ளத்திலோ சேற்றிலோ இறங்கினீர்களா? கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில், ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும் இடத்தில், இந்தக் கேள்வி விடுபட்டுப்போவதில் வியப்பில்லை.

ஆய்வகமும் சரியான நேரத்தில் கைகொடுப்பதில்லை. நோயை உறுதிசெய்யும் பழைய முறையில், உயிருள்ள கிருமி வளர்ப்புகளோடு நோயாளியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) கலந்து, கிருமிகள் ஒட்டித் திரள்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கிருமியை எதிர்க்கும் புரதமான எதிர்ப்பொருள் உடலில் உருவாகவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால் முதல் சில நாள்களில் சோதனை ஒன்றும் காட்டாது. சில வாரம் கழித்து இரண்டாவது ரத்த மாதிரியும் வேண்டும். முடிவு கைக்கு வரும்போது நோயாளி வீடு திரும்பியிருப்பார், அல்லது இறந்திருப்பார்.

இரண்டாவது வாரத்தில் நோயின் போக்கே மாறிவிடுகிறது. ஆரஞ்சு நிறம் கலந்த காமாலை, சிறுநீரகத் தளர்ச்சி, ரத்தக் கசிவு. 1886இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் விவரித்த அதே கூட்டு. காரணமான கிருமியை 1915இல் ஜப்பானில் இனடாவும் இடோவும் கண்டுபிடித்தார்கள். சல்வடோரில் இறந்தவர்களை ஆராய்ந்தபோது, மருத்துவமனைக்கு வந்த நேரத்திலேயே மனக்குழப்பத்தோடு இருந்தவர்கள், சிறுநீர் வற்றியவர்கள், 37 வயதைத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. மனக்குழப்பம் இருந்தாலே இறப்பதற்கான சாத்தியம் ஒன்பது மடங்கு. அந்தக் கட்டத்தில் மாத்திரைக்கு வேலை குறைவு. டயாலிசிஸ் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. 2003க்குப் பிறகு அதே நகரில் நுரையீரலுக்குள் ரத்தம் கசியும் வடிவமும் தலைகாட்டியது. அந்த நிலைக்குப் போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஒரு குடியிருப்பின் குறுக்குவெட்டு

சல்வடோர் மேடும் பள்ளமுமான நகரம். மேட்டின் முதுகில் தார்ச்சாலை, கடைகள், பஸ் நிறுத்தம். அங்கிருந்து குறுகலான படிக்கட்டுகளும் ஒற்றையடிப் பாதைகளும் சரிவில் இறங்குகின்றன. இறங்க இறங்க வீடு சிறுக்கும், சுவரில் பூச்சு மறையும், செங்கல் தெரியும், மண் தரை வரும். அடியில் திறந்த சாக்கடை. மேட்டிலும் சரிவிலும் உள்ள வீடுகளின் கழிவுநீர், மழைநீர், குப்பை எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் அது.

பாவு டா லீமா என்ற குடியிருப்பு இப்படிப்பட்டது. ஓஸ்வால்டோ குரூஸ் அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் 2003இல் அங்கே வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். அரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் 14,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். அவர்களில் 3,171 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 15.4% பேருக்கு லெப்டோஸ்பைராவின் எதிர்ப்பொருள் இருந்தது. ஆறில் அல்லது ஏழில் ஒருவரை இந்தக் கிருமி ஏற்கெனவே தொட்டுப்போயிருக்கிறது. அவர்களில் மிகப் பலர் அதைச் சாதாரணக் காய்ச்சலாகவே கடந்திருப்பார்கள். மருத்துவமனைப் படுக்கைக்கு வருவது தொற்றுகளில் மிகச் சிறு பங்குதான். பின்னர் அதே மக்களை ஆண்டுதோறும் பின்தொடர்ந்தபோது, ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 35 பேர் என்ற அளவில் புதுத் தொற்று ஏற்பட்டுக்கொண்டே இருந்தது. ஒரு முறை வந்து போனவர்களுக்கும் மறுபடி வந்தது.

தொற்று யாருக்கு வந்தது என்பதை வீட்டின் இருப்பிடத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். பள்ளத்தாக்கின் அடிக்கு எவ்வளவு அருகில், திறந்த சாக்கடைக்கும் குப்பைக் குவியலுக்கும் எவ்வளவு அருகில் வீடு இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்து ஏறியது. வீட்டைச் சுற்றி எலியைப் பார்த்தவர்களுக்கும் அதிகம். சூழல் காரணிகளையெல்லாம் கழித்த பிறகும் வருமானம் தனியாக நின்றது: தலைக்கு ஒரு நாளில் ஒரு டாலர் கூடுதலாக வந்தால் தொற்றின் ஆபத்து 11% குறைந்தது. ஒரே சேற்றில் வாழும் ஏழைகளுக்குள்ளேயே இந்த ஏற்றத்தாழ்வு. ஒரு டாலரில் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். வாசலில் இரண்டு அடி சிமெண்ட், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், சாக்கடையை வாரிப்போட வேறொருவருக்குக் கூலி. இது என் ஊகம். ஆனால் தொற்று வரும் வழிகளைப் பார்த்தால் பொருந்துகிறது.

இதற்குச் சற்று முன்பு, 2000ஆம் ஆண்டின் நோய்ப் பரவலின்போது, நோய் வந்தவர்களையும் அவர்களின் அக்கம்பக்கத்தில் நோய் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். வீட்டருகே திறந்த சாக்கடை இருந்தால் நோயின் சாத்தியம் ஐந்து மடங்கு. வீட்டைச் சுற்றி எலி தென்பட்டால் நாலரை மடங்கு. ஐந்தோ அதற்கு மேலோ எலிகளைக் கூட்டமாகப் பார்த்திருந்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு. வேலையிடத்தில் சேறு, கழிவுநீரோடு புழங்கினால் கிட்டத்தட்ட அதே அளவு. வரிசையில் முதலில் நிற்பது சாக்கடை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு ஆய்வு இந்தப் படத்தைக் குடும்ப அளவுக்குக் கொண்டுவந்தது. ஒருவருக்குக் கடுமையான எலிக்காய்ச்சல் வந்த வீடுகளில் மற்ற உறுப்பினர்களைச் சோதித்தபோது 30% பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. நோய் வராத அக்கம்பக்கத்து வீடுகளில் 8% தான். இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக மிக அரிது. ஆகவே அந்த முப்பது விழுக்காட்டுக்கும் கொல்லைப்புறமே ஊற்று. ஒருவர் மருத்துவமனையில் படுத்திருக்கும் அதே வாரத்தில் அவருடைய வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், மற்றவர்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

எலி என்ன செய்கிறது

சாக்கடை எலிக்கு இந்தக் கிருமியால் நோய் வருவதில்லை. சிறுநீரகத்தின் நுண்குழல்களில் கிருமி தங்கிவிடுகிறது. எலி சாகும்வரை சிறுநீரில் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சல்வடோரில் பிடித்த 142 எலிகளைச் சோதித்தபோது ஐந்தில் நான்கு எலிகளின் சிறுநீரிலோ சிறுநீரகத்திலோ கிருமி வளர்ந்தது. எலி ஓடும் வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டுத் தன் இனத்துக்கு அடையாளம் வைக்கும். ஒவ்வொரு சொட்டிலும் கிருமிகள்.

காய்ந்த தரையில் விழுந்தால் கிருமி சீக்கிரம் செத்துவிடும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழை பெய்தால் வளைகளிலிருந்தும் பாதைகளிலிருந்தும் அடித்துவரப்பட்டு அடிவாரத்துக்கு வரும். சல்வடோரில் கனமழை ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை நீளும். நோயாளிகளின் எண்ணிக்கை மழையைச் சில வார இடைவெளியில் பின்தொடரும். கடி தேவையில்லை. எலியை நேரில் பார்த்திருக்கவும் தேவையில்லை. காலில் ஒரு சிறு வெடிப்பு, நீரில் ஊறி மென்மையான தோல், சேறு தெறித்த கண் போதும்.

எத்தனை எலி இருக்கிறது என்பதை எண்ணுவதும் ஒரு கலை. பகலில் தென்படுபவை மொத்தத்தில் சிறு பங்குதான், எனவே கண்ணில் பட்டதை வைத்துக் கணக்குப் போட முடியாது. பாவு டா லீமாவில் ஆய்வாளர்கள் சதுரப் பலகைகளில் கரிப்பொடியை ஆல்கஹாலில் கரைத்துப் பூசி, சாயங்காலம் வீட்டுப் புறங்களில் வைத்தார்கள். மறுநாள் கறுப்புப் பரப்பில் எலியின் விரல் தடங்கள், நகக் கீறல்கள், வால் இழுத்த கோடு எல்லாம் வெள்ளையாகத் தெரியும். எத்தனை பலகையில், பலகையின் எவ்வளவு பரப்பில் தடம் விழுந்தது என்பதே அளவு. எளிமையான கருவி, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களே செய்யலாம். புழுக்கை, வளை, சுவரோரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு பளபளக்கும் தடம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்வார்கள். நோய் வந்தவர்களின் வீடுகளில் புழுக்கை, வளை, எலிக்கு எட்டும் நீர், பூசாத சுவர் ஆகிய நான்கும் அதிகம் காணப்பட்டன. இவற்றில் பாதி எலியைப் பற்றியது, பாதி கட்டடத்தைப் பற்றியது.

நஞ்சு வைத்தபின் நடந்தது

எலிப் பிரச்சினை என்றதும் எந்த நகராட்சிக்கும் முதலில் தோன்றுவது எலி மருந்து. செலவு குறைவு, வேலை உடனே தெரியும், இறந்த எலிகளைப் படம் பிடித்துக் காட்டலாம். சல்வடோரிலும் மாநகரத்தின் விலங்குவழி நோய்த் தடுப்புப் பிரிவு ஆபத்து மிகுந்த குடியிருப்புகளில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை நஞ்சைச் சுற்றுச் சுற்றாக வைத்துவருகிறது. அப்படி ஒரு சுற்றுக்கு முன்னும் பின்னும் பிடித்த எலிகளின் மரபணுவை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இனப்பெருக்கத்தில் பங்குகொள்ளும் எலிகளின் பயனுறு எண்ணிக்கை 80 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்திருந்தது. நஞ்சு வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை.

சரிவு நிலைக்கவில்லை. மிஞ்சியவை பெருகி இடத்தை மீண்டும் நிரப்பின. புதிய எலிகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடையவை. பெண் எலியின் கர்ப்பகாலம் மூன்று வாரம். குட்டிகள் இரண்டு மூன்று மாதங்களில் குட்டி போடத் தயார். உணவும் நீரும் வளை தோண்ட மண்சரிவும் அப்படியே இருக்கும்போது காலியிடம் காலியாக இருக்காது. 1940களிலும் 50களிலும் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டேவிட் டேவிஸ் முதலியோர் இதையேதான் அளந்து காட்டினார்கள்: நஞ்சு வைத்தால் எண்ணிக்கை விழுந்து திரும்ப ஏறும், குப்பையையும் ஒளிவிடங்களையும் குறைத்தால் அந்த இடம் தாங்கக்கூடிய எண்ணிக்கையே குறையும். முக்கால் நூற்றாண்டாகத் தெரிந்த விஷயத்தை ஒவ்வொரு நகரமும் புதிதாகக் கண்டுபிடிக்கிறது.

இதைவிடச் சங்கடமான செய்தி கனடாவின் வான்கூவரிலிருந்து வந்தது. அங்கே ஏழைகள் நெருக்கமாக வாழும் பகுதியில் சில தெருக்கட்டங்களில் மட்டும் எலிகளைப் பிடித்துக் கொன்றார்கள், மற்றவற்றில் விட்டுவிட்டார்கள். கொன்ற கட்டங்களில் மிஞ்சிய எலிகள் லெப்டோஸ்பைராவைச் சுமக்கும் சாத்தியம் ஒன்பது மடங்குக்கு மேல் கூடியிருந்தது. எலிக் குடும்பம் கலைந்தால் எல்லைச் சண்டையும் புதுச் சேர்க்கைகளும் கூடி, கிருமி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வான்கூவரில் சிறு எண்ணிக்கையில் கிருமி சுமந்த எலிகளிடையே நடந்தது, ஐந்தில் நான்கு எலி ஏற்கெனவே சுமக்கும் சல்வடோரில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஓர் எச்சரிக்கை உண்டு: கொன்ற எலிகளின் எண்ணிக்கை, தடுத்த நோயின் எண்ணிக்கை ஆகாது.

நஞ்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்துக்கு முன்பு, அடிவாரத்து வீடுகளில், நோயாளி கிடைத்த வீட்டைச் சுற்றி வைப்பதற்கு நியாயம் உண்டு. சல்வடோரின் மரபணு ஆய்வுகள் இதிலும் உதவுகின்றன. ஒவ்வொரு பள்ளத்தாக்கின் எலிகளும் பெரும்பாலும் தமக்குள்ளேயே இனம் பெருக்குகின்றன; மேட்டின் முதுகில் ஓடும் சாலை ஒரு வேலிபோல் நிற்கிறது. ஆகவே வார்டு எல்லையை வைத்து வேலையைப் பிரித்தால், பாதிப் பள்ளத்தாக்கைச் சுத்தம் செய்துவிட்டு மறுபாதியிலிருந்து எலியை வரவழைக்கிறோம். ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே வீச்சில் முடிக்க வேண்டும். நிர்வாகத்தின் வரைபடத்தில் பள்ளத்தாக்கு என்று ஓர் அலகு இருப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

சாக்கடையை மூடுவது

சல்வடோரில் 1990களின் பிற்பகுதியில் பாஹியா அசுல் என்ற பெயரில் பெரிய கழிவுநீர்த் திட்டம் நடந்தது. கழிவுநீர்க் குழாய் இணைப்புப் பெற்ற வீடுகள் 26 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு ஆயின. சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு நகர் முழுதும் 21% குறைந்தது. தொடக்கத்தில் மிக மோசமாக இருந்த பகுதிகளில் 43%. பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு சுத்தமாக அளக்கப்பட்ட வெற்றிகள் குறைவு.

எலிக்காய்ச்சல் இதனால் ஒழியவில்லை. திட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளிலும் மழைக்காலத்தில் நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். காரணம் சரிவில் தெரிகிறது. இணைப்பு எட்டாத வீடுகள் பெரும்பாலும் அடிவாரத்தில்தான் இருந்தன. குழாயைப் புவியீர்ப்பில் ஓட விட வேண்டுமென்றால், பள்ளத்தின் அடியில், வீடுகளுக்கு நடுவே, வெள்ளம் வரும் இடத்தில் தோண்ட வேண்டும். அந்த வீடுகளில் பலவற்றுக்குப் பட்டா இல்லை. எண்பது விழுக்காட்டை எட்டும் திட்டம் விட்டுவிடும் இருபது விழுக்காட்டில்தான் இந்த நோய் குடியிருக்கிறது. குடலுக்குப் போகும் கிருமிகளைத் தடுக்கக் குடிநீரும் கழிப்பறையும் பெரும்பாலும் போதும். காலால் ஏறும் கிருமிக்குத் தரையே மாற வேண்டும்: மூடிய சாக்கடை, சிமெண்ட் போட்ட பாதை, மண் சரிவைத் தாங்கும் சுவர், தினமும் அள்ளப்படும் குப்பை.

இதற்கிடையே மக்கள் சும்மா இருப்பதில்லை. மழையில் சாக்கடை அடைத்ததும் ஆண்கள் மண்வெட்டியோடு அதில் இறங்கி அடைப்பை எடுக்கிறார்கள். இறங்காவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். இறங்கினால் கிருமி உடலுக்குள் வரலாம். வெறுங்காலோடு போகாதீர்கள் என்று துண்டறிக்கை கொடுப்பது எளிது; முழங்கால்வரை சேறு இருக்கும் இடத்தில் செருப்பு அறுந்துபோகும், கணுக்கால் உயர பூட்ஸில் சேறு புகுந்து இன்னும் ஊறும். முழங்கால்வரை எட்டும் பூட்ஸும் கையுறையும் மழைக்கு முன்பே வீட்டுக்கு ஒரு ஜோடி போய்ச் சேர்ந்தால் துண்டறிக்கைக்கு ஓர் அர்த்தம் உண்டு. நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள் என்ற கணக்கின் பின்னால் இந்த வேலைப் பங்கீடும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2015இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10.3 லட்சம் பேருக்கு எலிக்காய்ச்சல் வருகிறது. 58,900 பேர் இறக்கிறார்கள். இதில் நகரத்துக் குடிசைப் பகுதிகளின் பங்கு வளர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே வேலை செய்யும் அதிகாரி ஒருவர் என்னிடம் எங்கே தொடங்குவது என்று கேட்டால், முதல் மழைக்கு முன்பே இரண்டைச் செய்யச் சொல்வேன். ஒன்று, அந்தப் பகுதியின் புறநோயாளிப் பிரிவில் காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரிடமும் சேற்றைப் பற்றிக் கேட்கவும், ஆம் என்றால் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் மாத்திரையைத் தொடங்கவும் எழுத்தில் உத்தரவு. இதற்குக் கட்டடமோ குழாயோ வேண்டாம்; அந்த 42 விழுக்காட்டில் கணிசமானவர்களை இதுவே பிடித்துவிடும். மற்றது, கடந்த சில ஆண்டுகளின் நோயாளிகளின் வீடுகளை உயரக் கோடுகள் வரைந்த வரைபடத்தில் புள்ளியாகக் குறிப்பது. சல்வடோரில் அப்படிக் குறித்தபோது புள்ளிகள் பள்ளத்தின் அடியில் திரண்டன. கழிவுநீர்ப் பொறியாளர் வேலையைத் தொடங்க வேண்டிய இடத்தை அந்த வரைபடமே காட்டிக்கொடுக்கும். வழக்கத்தில் அவருடைய குழாய் மேட்டுச் சாலையிலிருந்து தொடங்கி, பணம் தீரும் இடத்தில் நிற்கிறது.